நேப்பியர் பாலத்துல இருந்து ஒரு ஓட்டம்

மக்களே, பதிவு எழுதி நாலஞ்சு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், மிச்ச நேரமெல்லாம் ஓட்டம். 2025 ஜனவரி 5, சென்னை மாரத்தான். முழுசா 42.195 கிலோமீட்டர். (1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஓடின தூரம் இது. 1921ல இதையே நிரந்தரமாக்கிட்டாங்க. அந்த 195 மீட்டரையாவது விட்டிருக்கலாம்!)

பயிற்சி எல்லாம் எங்க வாலாஜாபாத்துல, பாலாற்றங்கரையில. ஆத்துல தண்ணியை விட மணல்தான் அதிகம். விடிகாலையில ஓடினா நாய்ங்க கூடவே வரும். டீக்கடையில "யாருப்பா துரத்துறா?"ன்னு ஒரு பெரியவர் தினமும் கேப்பாரு. தினமும் அதே கேள்விதான்.

அப்பா மட்டும் ஒண்ணும் கேக்கல. அவர் தறிக்காரர். நாப்பது வருஷம் குழித்தறியில உக்காந்து மிதிச்ச கால். போன டிசம்பர்ல முட்டி வீங்கிப் போச்சு, டாக்டர் "இனிமே குழியில இறங்கக்கூடாது"ன்னுட்டார். ஒரு பாவுல மூணு புடவை வரும். ரெண்டு அறுத்தாச்சு, மூணாவது பாதியில நிக்குது. கோர்வைப் புடவை, கரை வேற உடல் வேற கலர், ஒரு ஆள் நெய்ய முடியாது. அந்தப் பக்கம் நாடா போடறது அம்மா. அப்பா எறங்கலன்னா அம்மாவுக்கும் வேலையில்ல. "மிச்சத்தை வேற யாராவது முடிக்கட்டும்ப்பா"ன்னு நான் சொன்னதுக்கு அவர் பதிலே சொல்லல.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். காலையில நாலு மணிக்கு நேப்பியர் பாலத்துல கிளம்பினோம். 2022ல செஸ் ஒலிம்பியாடுக்காக சதுரங்கக் கட்டம் பூசினாங்களே, அதே பாலம். உழைப்பாளர் சிலையைத் தாண்டறப்ப நல்ல இருட்டு. நாலு பேர் சேர்ந்து பாறையைப் புரட்டற அந்தச் சிலை 1959ல வெச்சது, ராய் சௌத்ரி செஞ்சது.

"கடலோர மாரத்தானாச்சே, அலையெல்லாம் பாத்தியா?"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. காமராஜர் சாலையில இருந்து கடல் எங்க தெரியுது? ஒரு காலத்துல அலை கிட்டத்தட்ட ரோடு வரைக்கும் வந்துதாம். வடக்கே துறைமுகம் கட்டினப்புறம் தெற்குல இருந்து வர்ற மணல் அங்க தடுத்து நின்னு, இந்தப் பக்கம் சேர்ந்துக்கிட்டே போச்சு. மெரினாவோட அகலம் அப்படி வந்ததுதான். வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்னுது. நமக்குக் கிடைச்சது அவங்களுக்குப் போனது.

அப்புறம் ஐஸ் ஹவுஸ். அந்தக் காலத்துல பாஸ்டன்ல இருந்து கப்பல்ல வந்த பனிக்கட்டியை வெச்சிருந்த கட்டடம். 1897 பிப்ரவரியில விவேகானந்தர் அங்க தங்கினார். அதே வருஷம் ஏப்ரல்ல பாஸ்டன்ல முதல் மாரத்தான் ஓடினாங்க! ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஓடறப்ப மூளை இப்படித்தான் எதையாவது முடிச்சு போடும்.

விடிஞ்சதும் ஆரம்பிச்சது வேதனை. ஜனவரின்னா சென்னை குளிரும்னு யாரும் நம்பாதீங்க. வெப்பம் பரவாயில்ல, காத்துல இருக்கற ஈரம்தான் கொல்லுது. வேர்வை காயாது, உடம்பு ஆறாது. தண்ணியோட உப்பும் வேணும். முப்பது கிலோமீட்டர் பக்கத்துல சேமிப்புல இருந்த சர்க்கரைச்சத்து தீர்ந்து போய், கால் மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு. முப்பத்தஞ்சுல வலது முட்டி பிடிச்சுது. ஒரு தன்னார்வலர் பையன், "அண்ணா, நிறுத்திக்கறீங்களா? வண்டி இருக்கு"ன்னான். "இன்னும் ஏழுதான் தம்பி"ன்னேன். சொன்னப்புறம்தான் அப்பா ஞாபகம் வந்தது.

மீதியை நடந்து, நொண்டி, கொஞ்சம் ஓடி முடிச்சேன். அஞ்சு மணி நாப்பத்தோரு நிமிஷம்.

வீட்டுக்கு வந்து மெடலைக் காட்டினேன். அப்பா கையில வாங்கி எடை பார்த்தார்.

"எவ்ளோ நேரம்டா?"

சொன்னேன்.

"வழியில உக்காந்தியா?"

"இல்லப்பா."

"முட்டி?"

"வலிக்குதுப்பா."

தைலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். பொங்கல் முடிஞ்ச மறுநாள் காலையில தறிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். குழியில அப்பா, பக்கத்துல அம்மா. நான் எதுவும் சொல்லல. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?

பி.கு: ஒரு நாளைக்கு அரை முழம்னு கணக்கு, வலிச்சா எழுந்துடணும்னு அம்மா கட்டளை. டாக்டர்கிட்ட யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க மக்களே.