மகன் திறந்த விளையாட்டுக் கூடம்

“அப்பா, ஸ்னூக்கர் கூடம் தொடங்கப்போகிறேன்” என்று மகன் சொன்னபோது என் உள்ளம் நடுங்கிற்று. சூதும் குடியும் அங்கே புகுமென அஞ்சினேன்.

அவனோ கணக்கை விரித்தான். மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். கோலை இயக்கச் சுற்றிலும் 5 அடி. ஆக, ஒரு மேசைக்கே 22க்கு 16 அடி இடம் வேண்டும். கற்பலகை பதித்த மேசை மிகக் கனமாதலால் தரைத்தளமே நல்லது. கட்டணம் மணிக்கணக்கில்.

“பந்தயம் கட்டுவோரை வெளியேற்றினால் வருமானம் குறையுமே?” என்றேன்.

“குறையட்டும், அப்பா. பள்ளி நேரத்தில் மாணவரையும் அனுமதியேன்” என்றான்.

பங்குத்தந்தை கூடத்தை மந்திரித்தார். முதல் வாரத்திலேயே பந்தயக்காரர் நால்வரை மகன் திருப்பியனுப்பினான். அன்று கல்லாவில் பணம் குறைவு. நானோ நிம்மதியாக உறங்கினேன்.

பெற்றோரே, பிள்ளைகள் தேர்ந்த தொழிலை வெறுத்தொதுக்குமுன், அதை எவ்வாறு நடத்துவார்கள் எனக் கேட்டறிவோம்.