சந்திர முகம்

தமிழ்நாட்டில் ஒருவர் உடம்பு பூரித்துவிட்டால் அவர் சௌக்கியமாயிருக்கிறார் என்று பொருள். இந்தச் சாஸ்திரத்தை மாற்றி எழுதக் கூடியவர் இன்னும் பிறக்கவில்லை. நமது கன்னங்கள் இரண்டும் உப்பி, மோவாய்க்கட்டை கழுத்துக்குள் மறைந்து, பிடரியில் சிறு திமில் ஒன்றும் கிளம்பியபோது, ஆவடிக் கடைத்தெருவில் நம்மைக் கண்டவர்கள் எல்லாரும், "இப்போதுதான் ஸார், முகத்தில் களை வந்திருக்கிறது!" என்று சந்தோஷப்பட்டார்கள். வைத்தியர்கள் இதற்குச் 'சந்திர முகம்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ப்ரெட்னிஸோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை செய்த காரியம் அது.

நமக்கு வந்தது தசை அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய காவற்படையே சொந்தத் தசைகளைப் பகை என்று எண்ணித் தாக்குகிற வியாதி. முதலில் ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளில் ஏறக் கால் மறுத்தது. பிறகு தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் தலை வாருவதற்குக் கையைத் தூக்குவதே பெரும்பாடாயிற்று. சென்னை வைத்தியர் ரத்தத்தையும் தசைத் துணுக்கையும் சோதித்துவிட்டு, தினம் 50 மில்லிகிராமில் ஆரம்பித்தார். சில வாரங்களில் சீப்பு தலைக்கு எட்டியது. இவ்வளவு செய்த மருந்தை நாம் நிந்திக்க மாட்டோம்.

இந்த வம்சத்து மருந்துகளின் மூதாதை கார்டிஸோன். 1948-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி, அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்னும் ஊரில், மூட்டுவாதத்தினால் நடமாட்டமின்றிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் குழுவினர் அதை ஊசி மூலம் செலுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் அவள் கடைத்தெருவுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தாள். 1950-ல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் என்னும் ரஸாயன அறிஞர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை மேலும் மேலும் கொடுத்ததில் நோயாளிகளின் முகம் உருண்டு வருவதும் விரைவிலேயே தெரிந்துபோயிற்று. ப்ரெட்னிஸோலோன் அதன் தம்பி. நமது ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்மப் பாணியில் சமுதாயத்தை அமைப்பதென்று தீர்மானம் செய்த அதே 1955-ம் வருஷத்தில்தான் இது விற்பனைக்கு வந்தது. இரண்டில் எது அதிகமாக அமுலுக்கு வந்தது என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

பசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணப் பசியன்று, இரவு இரண்டு மணிக்குத் தட்டி எழுப்புகிற பசி. அடுக்களையில் முறுக்கு டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்டு நமது சகதர்மிணி விளக்கைப் போடுவாள். மறுநாளே டப்பா இடம் மாறிவிடும். மாத்திரையைக் காலையில் ஆகாரத்துக்குப் பின் ஒரே வேளையாகச் சாப்பிடும்படி வைத்தியர் சொன்னதற்குக் காரணம் உண்டு. உடம்பு தானாகச் சுரக்கும் அதே வகைச் சத்தும் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும். மாலையில் சாப்பிட்டால் உள்ள தூக்கமும் போய்விடும். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் வீட்டைவிட்டு வெளியேறின. ரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் இனிப்பும் அவற்றைப் பின்தொடர்ந்தது. எலும்பு மெலியாமலிருக்கச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை, கேழ்வரகு, நெத்திலி மீன். கண்ணில் புரை விழுகிறதா என்று அவ்வப்போது பரிசோதனை. இவையெல்லாம் போகட்டும். கோபத்துக்குத்தான் பத்தியம் கிடையாது. பேரக் குழந்தைகள் நம் காலடிச் சத்தம் கேட்டதும் ரேடியோவை நிறுத்தினார்கள். அது மனத்தை மிகவும் வருத்தியது.

நாலாவது மாதத்தில் தொடைகள் மறுபடியும் தளர்ந்தன. இங்கேதான் விபரீதமான ஒரு சிக்கல். வியாதியும் தொடையைத் தளர்த்தும். அதிக ஸ்டீராய்டும் தொடையைத் தளர்த்தும். முன்னது என்றால் மருந்தை ஏற்ற வேண்டும்; பின்னது என்றால் இறக்க வேண்டும். அண்டை அயலாருக்கோ சந்தேகமே இல்லை. "ஸ்டீராய்டா? இன்றைக்கே தூக்கி எறியுங்கள்!" என்றார்கள், அன்பு மிகுதியால். நமக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் எறிந்தார். நாலாம் நாள் வாந்தியும் மயக்கமுமாக அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள்.

காரணம் இதுதான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள், உயிர் தரிக்க வேண்டிய அளவுக்கு இந்தச் சத்தைத் தினந்தோறும் தாமே செய்கின்றன. வெளியிலிருந்து மாத்திரை ஏராளமாக வந்து சேர்ந்தால் அவை வேலையை நிறுத்திவிடுகின்றன. சமையற்காரரை அமர்த்திய வீட்டில் நாளடைவில் எல்லாரும் அடுப்பு மூட்டவே மறந்து போகிறார்கள் அல்லவா? அந்தச் சமையற்காரரை ஒரே நாளில் விரட்டினால் வீடு பட்டினிதான். சுரப்பிகள் விழித்துக்கொள்ள வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், அவகாசம் வேண்டும்.

நாம் மாத்திரையை எறியவில்லை. மின்சார ரயில் ஏறி வைத்தியரிடம் போனோம். அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக, வியாதியா மருந்தா என்கிற கேள்வி கூடவே வந்தது. தசை சிதைந்தால் ரத்தத்தில் பெருகும் 'சி.கே.' என்னும் பொருளை அளந்தார்கள். அது சரியான அளவில் இருந்தது. மற்றப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, குற்றவாளி மருந்துதான் என்று வைத்தியர் முடிவு செய்தார். துணைக்கு மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினம் சாப்பிட்டால் ஆபத்து என்பதால் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையால் காலண்டரில் வட்டமிட்டு வைத்தோம். ப்ரெட்னிஸோலோன் படிப்படியாக இறங்கிற்று. 10 மில்லிகிராம் வரையில் வேகமாகவும், அதற்குக் கீழே ஆமை வேகத்திலும்.

இப்போது 5-ல் நிற்கிறோம். காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று நடக்க முடிகிறது. அடுத்த மாதம் 4 என்று உத்தரவு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில நாட்கள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது. எங்கேயாவது விபத்தோ ஆபரேஷனோ நேர்ந்தால் அதிக மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், 'இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், திடீரென்று நிறுத்தக் கூடாது' என்று எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது. சட்டை சலவைக்குப் போகுமுன் அதை எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுவது சகதர்மிணியின் இலாகா.