தாத்தாவின் இடது காது

இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் ஒட்டியிருக்கிறேன் பாருங்கள், அதில் இருப்பவர் என் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். ஜெராக்ஸ் எடுத்ததில் கொஞ்சம் கருத்துவிட்டது. செல்போனில் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது, அதனால் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இது ஆப்ல போட்டா தானா வருதாடா?" என்பதுதான். இல்லை. விரலால் வரைந்தது. அப்பாவின் செல்போனில் ஐபிஸ் பெயிண்ட் என்ற இலவச ஆப் இருக்கிறது. விளம்பரம்தான் அடிக்கடி வந்து உயிரை வாங்கும். நாம் போடும் ஒவ்வொரு கோட்டையும் அது வீடியோவாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் யாரும் சந்தேகப்பட முடியாது. இந்தச் சந்தேகம் பெரிய ஓவியர்களையும் விட்டதில்லை. 2013-ல் கைல் லாம்பர்ட் என்ற இங்கிலாந்து ஓவியர் ஐபேடில் விரலாலேயே நடிகர் மார்கன் ஃப்ரீமனை வரைந்தார். 200 மணி நேரத்துக்கு மேல் ஆனதாம், 2,85,000 தீற்றல்களாம். அவர் வீடியோ காட்டியும் கூட, "இது போட்டோதான், ஏமாத்து வேலை" என்று சொன்னவர்கள் உண்டு. இப்போது ஏஐ வேறு வந்துவிட்டதால் கேட்கவே வேண்டாம்.

நான் கருப்பு வெள்ளையில் வரைவதற்குக் காரணம் ரசனை எல்லாம் இல்லை. எங்களிடம் இருந்த தாத்தாவின் ஒரே படம் கருப்பு வெள்ளை. சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993-ல் வாக்காளர் அட்டை வந்தது அல்லவா, அந்தப் பழைய மாதிரி அட்டையில் உள்ள படம்தான். முகம் என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்கு மாட்டுவண்டியில் கரும்பு ஓட்டியவர் அவர். வண்டியை நிறுத்திவிட்டு அவசரமாகப் போய் உட்கார்ந்த மாதிரிதான் அதில் இருப்பார். அட்டையை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கருப்புப் பொட்டு, வாய் இருக்கிற இடத்தில் ஒரு கோடு. முகத்தின் இடது பாதி முழுக்க இருட்டு.

முதலில் கட்டம் போட்டு ஆரம்பித்தேன். அட்டைப் படத்தின் மேல் சின்னக் கட்டம், வரைகிற தாளில் பெரிய கட்டம், ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுவது. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு பேனர் வரைந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் செய்தார்கள். உருவம் வந்துவிட்டது, ஆனால் தட்டையாக, தோசை மாதிரி இருந்தது.

அதற்கு வழி சொன்னது அப்பா. அவர் விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் பெயின்ட் அடிக்காத ஒரு வெள்ளைப் பொம்மையைக் கொண்டுவந்து, லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சை ஒரு பக்கமாகப் பிடித்தார். "இதுல கண்ணுக்கு மை இல்ல, உதட்டுக்குச் செவப்பு இல்ல. ஆனா மூக்கு எது கன்னம் எதுன்னு தெரியுதா இல்லையா?" என்றார். தெரிந்தது! எல்லாமே வெள்ளைக் களிமண், நிழல் மட்டும்தான் மூக்கைக் காட்டியது. ஐரோப்பாவின் ஓவியப் பள்ளிகளில் முதலில் சுண்ணாம்புச் சிலையைத்தான் வரைந்து பழகுவார்களாம், இதைப் பிறகுதான் படித்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளைத் தாளில் வரைவதை விட்டேன். முழுத் தாளுக்கும் நடுத்தரச் சாம்பல் பூசி, கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, இருட்டு இருக்கிற இடத்தை மட்டும் பெரிய தூரிகையால் கருப்பாக்குவேன். வெளிச்சம் கடைசியில்தான். இன்னொரு விஷயம், கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை! ஆப்பில் ஒரு இடத்தின் நிறத்தைத் தொட்டு எடுக்கும் வசதி உண்டு. அதை வைத்துப் பார்த்தபோது, பளிச்சென்று தெரிந்த கண் வெள்ளை நெற்றியைவிடக் கருப்பான சாம்பலாக இருந்தது. நான் நம்பவில்லை, மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். 1995-ல் எட்வர்ட் அடெல்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கென்றே ஒரு சதுரங்கப் பலகைப் படம் செய்திருக்கிறார். நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியில் இருக்கும் கருப்புக் கட்டமும் அதில் ஒரே சாம்பல்தான். எவ்வளவு நேரம் முறைத்தாலும் நம் கண் ஒத்துக்கொள்ளாது.

இருபது நாளைக்கு மேல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படத்தை முடித்தேன். தோல் துவாரம், தாடியில் ஒவ்வொரு முடி, கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி எல்லாம் வைத்தேன். நண்பர்கள் "செம" என்றார்கள். ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆயா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருடா இந்தப் பெரியவரு?" என்றது.

நான் ஆடிப்போய்விட்டேன். இதில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அட்டையில் கண் தெரியவில்லை என்பதால் நெட்டில் கிடைத்த வேறொரு தாத்தாவின் கண்ணைப் பார்த்து வரைந்திருந்தேன். தோல் சுருக்கமும் அவருடையதுதான். இருட்டாக இருந்த இடது பாதிக்கு வலது பாதியையே திருப்பிப் போட்டிருந்தேன். இது எதையும் நான் ஆயாவிடம் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் செல்போனைத் தொடவில்லை. பிறகு நானே போய், "தாத்தா கண்ணு எப்படி இருக்கும் ஆயா?" என்று கேட்டேன். "கண்ணு கண்ணாட்டம் இருக்கும், வேற எப்படி இருக்கும்?" என்றது. இப்படிக் கேட்டால் ஆகாது என்று புரிந்தது. படத்தைக் கையில் கொடுத்து, "இதுல எது தப்பு, சொல்லு" என்றேன். அப்புறம் அது நிறுத்தவே இல்லை. "புருவம் இம்மா அடர்த்தி கெடையாது. வலது புருவத்துல கரும்புத் தோகை அறுத்த வடு, அங்க முடி மொளைக்காது. வெயில்லயே வண்டி ஓட்டி ஓட்டி ஒரு கண்ணு எப்பவும் இடுங்கித்தான் இருக்கும். கன்னம் ஏன்டா இப்படி உப்பிக் கெடக்கு? இங்க பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே திரையில் விரலை வைத்து இழுத்துவிட்டது. தூரிகை தயாராக இருந்ததால் கன்னத்தில் கோணலாக ஒரு கருப்புக் கோடு விழுந்தது. "அய்யோ, கெடுத்துட்டனா?" என்று பயந்துபோய்க் கையை எடுத்தது.

அழிக்கப் போனேன். பிறகு அந்தக் கோட்டைத் தனி லேயரில் மங்கலாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றியே நிழலைப் பூசினேன். அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் பள்ளம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பதினாறு வருஷமாக தினமும் பார்க்கிற முகம்!

காதுக் கதையும் அப்போதுதான் வந்தது. தாத்தா கடுக்கன் போட்டிருந்தாராம். அப்பா விருத்தாசலத்துக்கு செராமிக் படிக்கப் போனபோது அதை விற்றுத்தான் பணம் கட்டினார். அதற்குப் பிறகு காதில் வெறும் ஓட்டை மட்டும். அட்டையில் உள்ள படம் அதற்குப் பின்னால் எடுத்தது. இதை ஆயா சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். என்னிடம் இதைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாவது படத்தில் தோல் துவாரமே போடவில்லை. தாடி முடியையும் ஒவ்வொன்றாகப் போடவில்லை, சொரசொரப்பான தூரிகையால் ஒரு தீற்று தீற்றியதோடு சரி. நேரம் முழுவதும் அந்த இடுங்கிய கண்ணுக்கும் வலது காதுக்குமே போனது. ஓட்டைக்குள் கருப்பு, அதன் கீழ் விளிம்பில் மெல்லிசாக ஒரு வெளிச்சம். அவ்வளவுதான், ஆனால் எட்டு முறை அழித்தேன்.

எங்கள் ஓவிய ஆசிரியர் பார்த்துவிட்டு, கும்பகோணம் பக்கத்துக்காரரான ஓவியர் இளையராஜாவின் படங்களைக் காட்டினார். கொரோனாவில் 2021-ல் இறந்துபோனாரே, அவர்தான். எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது, போட்டோ என்றே நினைத்துவிடுவோம். "இதுல எத்தன இடத்த அவர் வரையாமலே விட்டிருக்கார்னு தேடு" என்று ஐயா சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை ஆயா "யாரு?" என்று கேட்கவில்லை. "துண்டு எங்கடா? துண்டில்லாம வெளிய போவ மாட்டாரே" என்றது. துண்டு போட்டுக் கொடுத்தேன். சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் பிரிண்ட் எடுத்து மாட்டியிருக்கிறோம். அத்தை சந்தனப் பொட்டு வைக்கப் போனபோது ஆயா, "அதெல்லாம் வாணாம், நெத்திச் சுருக்கம் மறைஞ்சிடும்" என்று தடுத்துவிட்டது.

ஒரே ஒரு தகராறு பாக்கி. இடது காது ஓட்டை வலதைவிடப் பெரிதாகத் தொங்கும் என்கிறார் அப்பா. ரெண்டும் ஒன்றுதான், எனக்குத் தெரியாததா என்கிறது ஆயா. இன்னும் முடிவாகவில்லை. அதனால் அந்தக் காதை மட்டும் இருட்டிலேயே விட்டிருக்கிறேன். ஜெராக்ஸில் அங்கே கருப்பாக இருப்பது மெஷின் கோளாறு இல்லை.