வாவிக்கரை முடிச்சுகள்

கல்லடிப் பாலத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் மீன்பாடும் கதையைத்தான் பேசுவார்கள். 1924இல் கட்டிய பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நான் பார்க்கப் போனது கரையில் வேலை செய்யும் கைகளை. வாவியோரமாகத் தெற்கே போகப்போக, அந்தக் கைகள் எதையாவது முடிந்தும் பின்னியும் கொண்டே இருக்கின்றன.

முதலில் வலை. தோணி கட்டியிருந்த மரத்தடியில் ஓர் அம்மா நைலோன் நூலால் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒரு கண்ணியை மடித்து, நூலை உள்ளே விட்டு, பின்னால் சுற்றி இழுக்க முடிச்சு இறுகிவிடுகிறது. எத்தனை கண்ணி என்று கேட்டேன். "எண்ணுற இல்ல மனே, கை அறியும்" என்றார். தறியில் அறுந்த இழையைத் தொடுப்பதற்கும் இதே முடிச்சைத்தான் போடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு நெசவாளர் முடிச்சு என்றே பெயர். கல்முனைக்கு முன்னால் வரும் மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். வாவிக்கும் தறிக்கும் இப்படி ஒரு சொந்தம் இருப்பதை நாங்கள் யோசிப்பதில்லை.

அடுத்தது பன்பாய். பன்னை வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயத்தில் அவித்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இழைக்கிறார்கள். தமிழ்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் பொதுவான வேலை இது. பிளாஸ்டிக் பாய் வந்தபின் உழைப்புக்கேற்ற விலை கிடைப்பதில்லை. பயிற்சி கொடுக்க வருகிறவர்களும் தையல் மெசினைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தெரிந்த கைத்தொழில் என்ன என்று முதலில் கேட்டால் நல்லது.

மூன்றாவது, வாசலில் போடும் கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னைத் தானே வெட்டி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் கோலத்தைக் கம்பிக்கோலம் என்றும் சிக்குக்கோலம் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இலேயே கோலத்தைக் கணினிக் கணிதமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்தக் கணிதத்தில் ஒரு துளியை நீங்களே செய்து பார்க்கலாம். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடு ஒன்றையொன்று வெட்ட வேண்டும். ஓரத்தில் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். முழுவதும் ஒரே கோட்டில் முடிந்துவிடும். 3க்கு 3 வைத்தால் முடியாது, தனித்தனியாக மூன்று கோடுகள் வரும். இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு.

அயர்லாந்திலும் இதே கணக்குத்தான். அங்குள்ள கெல்ரிக் முடிச்சுச் சித்திரத்தில் கோடு பட்டியைப் போல ஒன்றின் மேலும் அடுத்ததின் கீழுமாகப் போகும், எங்கள் பாய் இழைப்பதைப் போல. கல்லில் செதுக்கிய பெரிய சிலுவைகளிலும், உலோக நகைகளிலும், கன்றுத்தோலில் எழுதிய நூல்களிலும் அது இருக்கிறது. அவற்றுள் பெயர்பெற்றது ஏறத்தாழ கி.பி. 800இல் எழுதிய கெல்ஸ் நூல். அயோனாத் தீவில் துறவிகள் அதைத் தொடங்கி, கடற்கொள்ளையருக்குப் பயந்து கெல்ஸுக்கு இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்தார்கள் எனப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 1007இல் அதனைத் திருடியவர்கள் பொன் அட்டையைக் கழற்றிக்கொண்டு நூலை விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் சென்று மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்களாம். நகையையும் உறுதியையும் வளவுக்குள் புதைத்துவிட்டு ஓடிய எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நூல் இப்போது டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் இருக்கிறது.

இனி, சொல்லத் தயங்கும் விடயத்துக்கு வருகிறேன். கணவனை இழந்தவள் கோலம் போடக்கூடாது, மங்கல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1990இல் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் மனைவிமாரை என்னவென்று சொல்வது? 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்தவர்களுக்குக் கோலம் போட வாசலே இருக்கவில்லை. திரும்பி வந்து வீட்டைக் கட்டி, பொங்கலன்று மாக்கிண்ணத்தோடு குனிந்த பெண்ணிடம், "உனக்கேன் இது?" என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் பகுதியில் வீடு மகளுக்குக் கொடுக்கும் சீதனம், மருமகன்தான் அந்த வீட்டுக்கு வருவான். வாசல் அவளுடையது. அவன் இல்லாமற் போனதும் அது எப்படி அவளுடையதல்லாமற் போகும்? எனக்கு விளங்கவில்லை.

அந்த 3க்கு 3 கோலத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அயர்லாந்துக்காரரும் முடிச்சை இப்படித்தான் மாற்றுவார்கள். இரு வேறு கோடுகள் வெட்டுகிற ஓரிடத்தில் வெட்டவிடாமல் விலக்கி, ஒன்றின் முனையை மற்றதோடு சேர்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே கோடாகிவிடும். மிச்சமுள்ள மூன்றாவது கோட்டையும் இன்னோரிடத்தில் இப்படியே சேர்க்கலாம். எந்த இடத்தில் சேர்க்கிறீர்களோ அதற்கேற்ப வடிவம் மாறும். ஒரு கொப்பித்தாளில் நாலைந்து விதமாகப் போட்டு வைத்தால், பிடித்ததைச் சேலைக் கரைக்கோ பன் கூடைக்கோ எடுக்கலாம். வாசலில் போடுவதென்றால், அரிசிமா இல்லாவிட்டாலும் ஒரு சோக்குக்கட்டி போதும்.