வீட்டில் என்ன இருக்கிறது?

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



சில வாரங்களுக்கு முன்பு எழுமலையில், நம் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயின் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். பாயை விரித்தபடியே அவர், "உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லை ஐயா, வீட்டில் ஒன்றுமே இல்லை" என்று கூசினார். உள்ளே நுழைந்தவுடன் நானும் மனதுக்குள் அப்படித்தான் கணக்கிட்டிருந்தேன்.

அப்பொழுது அவருடைய மகள் பழைய கணக்கு நோட்டு ஒன்றைத் தயக்கத்தோடு நீட்டினாள். எழுதாத பக்கங்களில் பென்சில் ஓவியங்கள்: அம்மிக்கல், முறம், சுவரில் சாய்ந்த விளக்குமாறு, நசுங்கிய பித்தளைச் சொம்பு. சொம்பின் பள்ளத்தில் நிழல் அடர்ந்திருந்தது. விளிம்பில் ஒரு கீற்று ஒளி. அந்த ஒளிக்காக அவள் எதையும் தீட்டவில்லை. காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டுவைத்திருந்தாள். சற்று முன்புதான் அதே சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தேன். அதன் அழகு என் கண்ணில் படவில்லை.

"ஏனம்மா இவற்றை வரைந்தாய்?" என்றேன்.

"எங்கள் வீட்டில் இவைதானே ஐயா இருக்கின்றன" என்றாள்.

மதுரையில் 1936-இல் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ் நினைவுக்கு வந்தார். விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தபோதும், மதுரையின் காட்சிகளை நுண்ணிய கோடுகளால் வரைந்தவர் அவர். 1972-இல் கார் விபத்தில் உடல் செயலிழந்த மனைவியைப் பல ஆண்டுகள் அன்போடு பராமரித்தவரும் அவரே. எஞ்சியிருந்ததைக் கூர்ந்து நோக்கிய கண்கள் அவை.

கடன்பட்ட விதவையிடம் எலிசா, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தொடங்கியவள், ஒரு குடம் எண்ணெயை நினைவுகூர்ந்தாள். அதிலிருந்தே கர்த்தர் அற்புதத்தைத் தொடங்கினார்.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். ஓவியம் கடனை அடைக்காது. அந்த எண்ணெய் பெருகுவதற்கு அயலார் தங்கள் வெறும் பாத்திரங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. விதவையின் வீட்டில் குடம் இருந்தது. பாத்திரங்கள் அண்டை வீடுகளில் இருந்தன. அந்த அண்டை வீட்டார் நாமே அல்லவா? அந்தத் தாயின் கதவை இந்த வாரம் நம்மில் யார் தட்டப்போகிறோம்?

ஜெபம்: அன்பின் பிதாவே, இல்லாததையே எண்ணிப் பழகிய எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் வீட்டில் உள்ளதை உமக்கும், உம்முடைய எளியவர்களுக்கும் நீட்டும் கைகளைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.