சுருதி சிக்கும் இடம்

வீணையில் சுருதி நிற்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது தந்தியை முறுக்கும் பிருடைதான். வழுக்குகிறது என்று சுண்ணக்கட்டித் தூள் தடவுவார்கள். அப்புறம் தந்தியை மாற்றுவார்கள். கம்போங் ராஜாவில் ஒரு டீச்சர் வீட்டு வீணைக்கும் இந்த வைத்தியம்தான் நடந்தது. கேமரன் மலைக் குளிர்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கும், சுருதி ஏறத்தான் செய்யும். இந்த வீணையிலோ நாலு கமகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது. திருச்சிக்கு விமானம் ஏறும் முன் டீச்சரிடம் சொல்லி, தந்திகளை இறக்கி, மேருவை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

பிருடையிலிருந்து வரும் நாலு வாசிப்புத் தந்திகளும் மெட்டுகளின் மேல் ஏறும் இடத்தில் குறுக்கே நிற்கும் சின்னத் துண்டுதான் மேரு. கித்தார்க்காரர்கள் நட் என்பார்கள்.

தஞ்சாவூரில் நான் போன பட்டறை, ஒரு வீட்டின் முன்கூடம். பண்ருட்டிப் பலாக்கட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒருவர் குடம் குடைந்துகொண்டிருந்தார், இன்னொருவர் யாளி முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். பெரியவர் மேருவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"குளிரு என்ன தம்பி பண்ணும்? குளிர்ல மெழுகு வேணா வெடிக்கும். இதுல தந்தியில்ல போய் மாட்டிக்குது."

தந்தி உட்காரும் காடிகள் கத்தியால் கீறியதுபோல் ஆழமாகவும் கூராகவும் இருந்தன. வீணையில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரம் மேலே போகிறோம். இழுக்கும்போது மேருவுக்கு அப்பாலுள்ள தந்தி மயிரிழை அளவு இந்தப் பக்கம் நழுவி வரும். விட்டதும் திரும்பிப் போக வேண்டும். காடி இறுக்கிப் பிடித்தால் போகாது. தந்தி தொய்ந்து சுருதி இறங்கும். பிருடையை முறுக்கினாலும் முதலில் அசையாது, பிறகு 'டிக்' என்று ஒரேயடியாக ஏறும். எங்கள் ஊர்ப் பையன்கள் கித்தார் நட்டில் பென்சில் கரியைத் தேய்ப்பதும் இதற்காகத்தான்.

பெரியவர் எலும்புத் துண்டு ஒன்றை எடுத்தார். தந்தம் இழைத்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 1986 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்திய யானைத் தந்த வியாபாரமே குற்றம். அலங்காரத்துக்கெல்லாம் இப்போது பிளாஸ்டிக்தான். எலும்பை அரத்தால் ராவி, பழைய மேருவை ஒட்டிவைத்து இடைவெளிகளைக் குறித்தார். காடி போடத்தான் நேரம் பிடித்தது. பிருடைப் பக்கம் சரிவாக, தந்தியின் கனத்தைவிட மயிரிழை அகலமாக, அடிப்பகுதி உருண்டையாக. கடைசியில் பழைய தந்தித் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி ஒவ்வொரு காடியிலும் முன்னும் பின்னும் இழுத்தார். தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

"உசரம் கொஞ்சம் கூட விட்டிருக்கேன். அங்க வச்சுப் பாத்து அடியில தேய்ங்க, காடியத் தொடாதீங்க."

உயரம் கூடினால் முதல் மெட்டில் அழுத்தும்போதே சுரம் ஏறி ஒலிக்கும். ரொம்பக் குறைந்தால் தந்தி மெட்டில் உரசி இரையும். 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து மேளம் கட்டுபவரின் காதை எல்லோரும் புகழ்கிறார்கள், நியாயம்தான். அந்த மேளம் மொத்தமும் இந்தத் துண்டின் உயரத்தை நம்பித்தான் இருக்கிறது. இதற்கென்று தனிக் கூலி கேட்கும் வழக்கம் அந்தப் பட்டறையில் இல்லை. வற்புறுத்திக் கொடுத்த பிறகே வாங்கிக்கொண்டார். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிக் கேட்டேன். "பேரு வந்துச்சு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கம்போங் ராஜாவில் மேருவைப் பொருத்தி, அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்தோம். பைரவி வாசித்து முடித்தும் சுருதி நிற்கிறது. பனி இறங்கிய காலைகளில் மட்டும், சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் லங்கரை லேசாகத் தொட வேண்டியிருக்கிறது, அது குளிரின் பங்கு.

மலேசியாவிலிருந்து தஞ்சாவூரில் வீணை செய்யச் சொல்பவர்கள், அது எந்த ஊருக்குப் போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மெழுகின் பதத்தை அதற்கேற்ப வைப்பார்கள். மேருவை எலும்பில் கேளுங்கள், அதற்கான கூலியையும் தனியாகக் கொடுங்கள்.