பெட்டி மூடியில் ஒரு வரி

மூன்று ராஜாக்கள் திருநாளாகிய ஜனவரி 6-ந் தேதிக்கு மேல் கிறிஸ்துமஸ் மரம் வீட்டில் இருந்தால் ஆகாது என்பது மேனாட்டாரின் பழைய நம்பிக்கை. எங்கள் டொரான்டோ வீட்டிலும் அன்றுதான் மரத்தைக் கலைப்போம்.

முப்பது வருஷமாக அது என் கணவரின் வேலை. கண்ணாடிக் குண்டுகளைத் தனித்தனியே காகிதத்தில் பொதிவார். விளக்குச் சரத்தை அட்டையில் சுற்றுவார். "சிக்கு விழுந்தால் அடுத்த டிசம்பரில் யார் திட்டு வாங்குவது?" என்பார்.

இவ்வருஷம் அவர் இல்லை. மரமே வேண்டாமென்றேன், பேரனுக்காக வைத்தோம்.

மாப்பிள்ளை மரத்தைத் தெருவோரம் கொண்டுபோய்ப் போட்டார். நகரசபை லாரி வந்து எடுத்துப் போகும். மூலை வெறிச்சென்று ஆகிவிட்டது. வெளியே பனி, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. நாகர்கோவிலில் பிறந்தவளுக்கு இது போதாதா, சொல்லுங்கள்!

எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிப் போட்டுவிடலாமென்று பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் அவர் கையெழுத்து: 'குண்டுகள் மேலே. அவசரப்படாதே.'

என்னைத் தெரியாதா அவருக்கு! தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொதிந்தேன்.

பிறகு சிவப்பு மேஜை விரிப்பை எடுத்து வெள்ளையை விரித்தேன். பைன் காய்களை மட்டும் கூடையிலேயே விட்டேன். அவை பண்டிகைக்கு மட்டுமல்ல, குளிர்காலத்துக்கும் சொந்தம். மரம் நின்ற மூலையில் அவருடைய நாற்காலியைப் போட்டு, கம்பளிப் போர்வையை மடித்து வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கையும் ஏற்றினேன்.

குளிர் விட மார்ச் ஆகும். ஆகட்டுமே. எனக்கென்ன அவசரம்?